கடலையும் அணுவையும் காக்கும் சட்டங்கள்
(குடும்பங்களுக்கும் அன்பியங்களுக்கும் ஒரு பாடம்)



வெலிமடைப் பக்கத்தில் வாழும் நமக்குக் கடல் தூரத்துப் பொருள். பண்டாரவளை, எல்ல, வெல்லவாய என்று மலையிறங்கி அம்பாந்தோட்டை வரை போனால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். அணு என்பதோ பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் ஒரு சொல். அப்படியிருக்கக் கப்பல்களைக் காக்கும் சட்டத்தையும், அணுப் பயங்கரவாதத்தைத் தடுக்கும் சட்டத்தையும் நாம் ஏன் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, நமது பிழைப்பு கப்பலில் ஏறிப் போகிறது. நம் பெண்கள் பறிக்கும் கொழுந்து தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து துறைமுகம் வழியாக வெளிநாடு செல்கிறது. ரொட்டிக்கு வேண்டிய கோதுமையும், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு வேண்டிய உரமும், வைத்தியசாலைக்கு வேண்டிய மருந்தும் கப்பலிலேயே வருகின்றன. கடல்வழி பாதுகாப்பாக இல்லாவிட்டால் மலையில் அடுப்பு எரியாது.

இரண்டாவது, கதிர்வீச்சுப் பொருள் நமது வாழ்விலும் புகுந்திருக்கிறது. புற்றுநோய் கண்ட எத்தனையோ பேர் ஊவாவிலிருந்து மகரகமைக்குப் போய் வந்திருக்கிறார்கள். அங்கே நீண்ட காலம் நோயாளருக்கு ஒளிச்சிகிச்சை அளித்தது கோபால்ட்-60 என்னும் கதிர்வீச்சுப் பொருளே. நோயைத் தீர்க்கும் அதே பொருள் கெட்டவன் கையிலோ அறியாதவன் கையிலோ அகப்பட்டால் உயிரைக் குடிக்கும்.

மூன்றாவது காரணம் நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுவது. ‘பயங்கரவாதம்’ என்ற சொல்லை ஒரு சட்டம் எப்படி வரையறுக்கிறது என்பது, நம் வீட்டுப் பிள்ளை நிம்மதியாகப் பஸ் ஏறிக் கொழும்புக்கு வேலைக்குப் போகலாமா என்பதைத் தீர்மானிக்கும் விடயமாக இந்நாட்டில் இருந்திருக்கிறது. ஆகவே இவ்வகைச் சட்டங்களை நாம் அறிந்திருப்பது அவசியம்.

அம்பாந்தோட்டைக்கு வந்த கப்பல்

2021 ஏப்ரல் மாதம் பி.பி.சி. நேப்பிள்ஸ் என்னும் சரக்குக் கப்பலொன்று அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரிலிருந்து சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. அதனுள் உரேனியம் ஹெக்சாபுளோரைடு என்னும் பொருள் இருந்தது. அணு உலைக்கு எரிபொருள் தயாரிக்கும்போது இடையில் உண்டாகும் சேர்வை இது. இதன் கதிர்வீச்சு அத்தனை கடுமையானதல்ல. ஆனால் ஈரக்காற்றுப் பட்டால் எரிகாரமான நச்சு அமிலமாக மாறும்.

இத்தகைய பொருளைக் கொண்டுவரும் கப்பல் நம் துறைமுகத்துக்குள் நுழையுமுன் அதனை அறிவித்து அனுமதி பெற வேண்டும். அப்படிச் செய்யப்படவில்லை என்று தெரிந்ததும், இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை கப்பலை வெளியேறுமாறு பணித்தது. கப்பலும் போய்விட்டது. பாராளுமன்றத்திலும் இது பற்றிக் கேள்வி எழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கப்பலில் பயங்கரவாதி எவனும் இருக்கவில்லை. அது வியாபாரச் சரக்கு. என்றாலும் என்ன வருகிறது, யார் கொண்டுவருகிறார், எங்கே போகிறது என்று கேட்கும் அதிகாரம் நாட்டுக்கு இருந்தது. அந்த அதிகாரத்தைக் கொடுத்தது 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம். முன்பிருந்த 1969 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இச்சட்டம், அணுசக்தியைப் பயன்படுத்தும் வேலையை ஒரு சபைக்கும், அதனைக் கண்காணிக்கும் வேலையை வேறொரு பேரவைக்கும் பிரித்துக் கொடுத்தது. கொழுந்து பறிப்பவரே தராசையும் பிடித்தால் கணக்கில் சந்தேகம் வரும் அல்லவா? இந்தப் பிரிவினையின் நியாயமும் அதுவே.

கடற் சட்டம் பிறந்த விதம்

1985 அக்டோபர் 7 ஆம் நாள், எகிப்துக் கரைக்கு அப்பால் அக்கீலே லாரோ என்னும் இத்தாலியப் பயணிகள் கப்பலை ஆயுதம் தாங்கிய நால்வர் கைப்பற்றினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த 69 வயது அமெரிக்கப் பயணி ஒருவரைச் சுட்டுக் கடலில் வீசினார்கள். உலகமே அதிர்ந்தது.

அப்போது ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. கடற்கொள்ளைக்கு எதிரான சட்டம் பன்னெடுங்காலமாக உண்டு. ஆனால் கடற்கொள்ளை என்றால், ஒரு கப்பலில் வருவோர் இன்னொரு கப்பலைத் தம் சொந்த ஆதாயத்துக்காகத் தாக்குவது என்பதே பொருள். அக்கீலே லாரோவைப் பிடித்தவர்களோ அதே கப்பலில் பயணிகளாக ஏறியவர்கள். அவர்கள் கேட்டது பணமல்ல, சிறையிலிருந்த தம் கூட்டத்தாரின் விடுதலை. ஆகவே பழைய சட்டம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. எந்த நாடு பிடிப்பது, எந்த நாடு விசாரிப்பது என்று நாடுகள் வாதாடின.

இந்த ஓட்டையை அடைக்கவே இத்தாலி, ஒஸ்திரியா, எகிப்து ஆகிய நாடுகள் புதிய ஒப்பந்தம் ஒன்றை முன்மொழிந்தன. 1988 மார்ச் 10 ஆம் நாள் உரோமை நகரில் கடற்பயணப் பாதுகாப்புக்கு எதிரான சட்டவிரோதச் செயல்களை ஒடுக்கும் சமவாயம் நிறைவேறியது. 1992 மார்ச் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

அது எவற்றைக் குற்றம் என்கிறது? பலாத்காரத்தால் கப்பலைக் கைப்பற்றுவது. கப்பலின் பயணத்துக்கு ஆபத்து உண்டாகும்படி அதில் உள்ளோரைத் தாக்குவது. கப்பலையோ சரக்கையோ நாசமாக்குவது. வெடிபொருளை மறைத்து வைப்பது. கலங்கரை விளக்கம் போன்ற வழிகாட்டும் சாதனங்களை அழிப்பது. பொய் என்று தெரிந்தே தகவல் கொடுத்துக் கப்பலை ஆபத்தில் தள்ளுவது. கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். விளையாட்டுக்காகச் சொல்லும் பொய்யும் பலர் உயிரோடு விளையாடுவதாகிவிடும்.

இலங்கை 2000 ஆம் ஆண்டில் இச்சமவாயத்தில் சேர்ந்து, அதே ஆண்டின் 42 ஆம் இலக்கச் சட்டத்தால் அதனை உள்நாட்டிலும் சட்டமாக்கியது. அதற்கு முன்னே நம் கடலில் இரத்தம் சிந்தியிருந்தது. 1995 ஆகஸ்டில் ஐரிஷ் மோனா என்னும் பயணிகள் கப்பலை விடுதலைப் புலிகள் கைப்பற்றினார்கள். 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைற் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி என்னும் வெளிநாட்டுக் கப்பல் தாக்கப்பட்டு, சீன மாலுமிகளும் மாண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கீலே லாரோ கடத்தப்பட்ட அதே 1985 இல், மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் உட்படத் தமிழ்ப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. அங்கே ஒரு பயணியின் மரணத்துக்காக உலகம் கூடி ஒரு சட்டம் செய்தது. இங்கே குமுதினியில் மாண்டவர்களுக்காக உள்ளூர்ச் சட்டம்கூட அசையவில்லை. சட்டம் நல்லது என்று நாம் சொல்லும்போது, அது எல்லா உயிருக்கும் ஒரே எடை போடுகிறதா என்றும் கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

அணுவுக்கு ஒரு சட்டம்

அணுப் பயங்கரவாதம் என்றதும் பலர் ஹிரோஷிமாவில் விழுந்தது போன்ற குண்டையே நினைப்பார்கள். அத்தகைய குண்டைச் செய்வது ஒரு சிறு கூட்டத்தால் எளிதில் ஆகாத காரியம். வல்லுநர் அஞ்சுவது வேறொன்றை. வைத்தியசாலையிலோ தொழிற்சாலையிலோ உள்ள கதிர்வீச்சுப் பொருளைத் திருடி, சாதாரண வெடிமருந்தோடு சேர்த்துச் சிதறடித்தால் ஒரு நகரத்தின் கடைத்தெருவையே மக்கள் நடமாட முடியாத இடமாக்கிவிடலாம்.

அப்படிப்பட்ட பொருள் கைமாறினால் என்ன நடக்கும் என்பதைத் தீய எண்ணம் எதுவும் இல்லாத இரண்டு விபத்துக்கள் காட்டின. 1987 செப்டெம்பரில் பிரேசில் நாட்டின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவ நிலையத்திலிருந்து பழைய சிகிச்சை இயந்திரத்தின் பாகத்தை இருவர் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம்-137 தூள் இருந்தது. இருட்டில் நீல நிறமாக ஒளிர்ந்த அந்தத் தூளை அதிசயப் பொருள் என்று எண்ணி உறவினருக்கும் அயலாருக்கும் பங்கிட்டார்கள். சில வாரங்களில் நால்வர் இறந்தனர். அவர்களில் ஒருத்தி சிறுமி. 249 பேர் மீது கதிர்வீச்சுத் தூள் படிந்திருந்தது. ஏறத்தாழ 112,000 பேரைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று.

2010 ஏப்ரலில் இந்தியத் தலைநகர் தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையிலும் இது போன்றே நடந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு கருவியை ஏலத்தில் விற்றது. அதைத் தொழிலாளர் உடைத்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் வைத்தியசாலை சேர்ந்தனர். துன்பப்பட்டவர்கள் அன்றாடம் உழைத்து உண்ணும் ஏழைகள் என்பதைக் கவனியுங்கள்.

தவறுதலாகவே இத்தனை கேடு என்றால், வேண்டுமென்றே செய்தால் எப்படியிருக்கும்? ஆகவே ரஷ்யா முன்வைத்த வரைவு ஒன்றைப் பல ஆண்டுகள் விவாதித்து, 2005 ஏப்ரல் 13 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அணுப் பயங்கரவாதச் செயல்களை ஒடுக்கும் சர்வதேசச் சமவாயத்தை ஏற்றது. 2007 ஜூலை 7 ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2005 இல் கையொப்பமிட்டு 2007 இல் அதனை உறுதி செய்தது.

மரணத்தையோ கடுங்காயத்தையோ, சொத்துக்கும் சுற்றாடலுக்கும் பெருங்கேட்டையோ விளைவிக்கும் எண்ணத்தோடு கதிர்வீச்சுப் பொருளை வைத்திருப்பதும், பயன்படுத்துவதும், அணு நிலையத்தைத் தாக்குவதும், அப்படிச் செய்வோம் என்று நம்பும்படி மிரட்டுவதும் குற்றம் என்கிறது இச்சமவாயம். கைப்பற்றிய பொருளை எப்படித் தீங்கற்றதாக்கிப் பாதுகாப்பது என்றும் கூறுகிறது.

கடலும் அணுவும் ஒன்றுசேருமிடம்

அதே 2005 அக்டோபரில் இலண்டனில் கூடிய நாடுகள் உரோமைச் சமவாயத்தைத் திருத்தின. மக்களை அச்சுறுத்தவோ அரசாங்கத்தைப் பணியவைக்கவோ ஒரு கப்பலில் கதிர்வீச்சுப் பொருளைப் பயன்படுத்துவதும், கப்பலையே ஆயுதமாக்குவதும், அத்தகைய ஆயுதங்களைக் கப்பலில் கடத்துவதும் குற்றமாயின. சந்தேகத்துக்குரிய கப்பலில், அதன் கொடிக்குரிய நாட்டின் சம்மதத்தோடு ஏறிச் சோதிக்கும் முறையும் வகுக்கப்பட்டது. இத்திருத்தம் 2010 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா இந்த இரண்டு விடயங்களையும் சேர்த்து 2015 ஜூன் மாதத்தில்தான் தன் உள்நாட்டுச் சட்டமாக்கியது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது ஒன்று, அதை நாட்டின் சட்டமாக்குவது வேறொன்று. வல்லரசுக்கே இடையில் பத்தாண்டு சென்றது.

வரம்புள்ள சட்டமும் வரம்பற்ற சட்டமும்

இப்போது பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருகிறோம். மேலே கண்ட இரண்டு சமவாயங்களிலும் நாம் மதிக்கத்தக்க நான்கு அம்சங்கள் உண்டு.

ஒன்று, எது குற்றம் என்று எண்ணிச் சொல்கின்றன. அணுச் சமவாயம் மனிதனின் எண்ணத்தையும் பார்க்கிறது. தெரியாமல் பழைய இரும்பை வாங்கிய ஏழை வியாபாரி பயங்கரவாதி ஆகமாட்டான்.

இரண்டு, குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அவனைப் பிடித்த நாடு கேட்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் தானே வழக்குத் தொடர வேண்டும். சும்மா விடுவதற்கு வழியில்லை.

மூன்று, பிடிபட்டவனுக்கும் நியாயமான நடத்துகையும் விசாரணையும் உரிமை என்று கூறப்பட்டிருக்கிறது.

நான்கு, இனத்துக்காகவோ மதத்துக்காகவோ அரசியல் கருத்துக்காகவோ ஒருவனைத் தண்டிக்கவே கேட்கிறார்கள் என்று நம்பக் காரணமிருந்தால், அவனை ஒப்படைக்கும் கடமை இல்லை என்கிறது அணுச் சமவாயம்.

இவற்றோடு நம் நாட்டின் 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒப்பிடுங்கள். மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று வந்த அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. வழக்கின்றியே ஒருவரை 18 மாதம் வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022 இல் செய்த திருத்தம் அதனை 12 மாதமாகக் குறைத்தது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாகக் கொள்ளவும் அது வழிவைத்தது. தமிழ்ப் பெயரும் தோட்டத்து விலாசமும் இருந்தாலே சந்தேகம் என்ற நிலையை நம்மவர் பலர் அனுபவித்தனர்.

கடற்பயணப் பாதுகாப்புச் சட்டம் வந்த அதே 2000 ஆம் ஆண்டில், அக்டோபர் 25 ஆம் நாள், நமது பதுளை மாவட்டத்தில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் நடந்ததை ஊவா மக்கள் மறந்திருக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் அவசரகால விதிகளின் கீழும் பிடிபட்டும் சரணடைந்தும் புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞரில் இருபதுக்கும் மேற்பட்டோரை ஒரு கூட்டம் புகுந்து கொன்றது. பொலிஸார் அங்கே இருந்தும் அவர்களைக் காக்கவில்லை. பின்னர் மேல் நீதிமன்றம் தண்டித்தவர்களும் 2005 இல் உயர் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார்கள்.

இதனால் பயங்கரவாதத்துக்கு எதிரான சட்டமே வேண்டாம் என்று முடிவு செய்யலாமா? கூடாது. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் செபித்துக்கொண்டிருந்த குடும்பங்களைக் குண்டு சிதைத்தது. விடுதிகளில் இறந்தோரையும் சேர்த்து 260 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்குச் சட்டத்தின் காவல் கிடைத்திருக்க வேண்டும். அந்நாளில் நாட்டில் கடுமையான சட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது. முன்னெச்சரிக்கையும் வந்திருந்தது. வந்த எச்சரிக்கையின்படி செயற்படவில்லை என்றே, அன்றைய சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என 2023 ஜனவரி 12 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அகலமான சட்டம் அப்பாவியைப் பிடித்தது. கவனமற்ற அதிகாரம் குற்றவாளியை விட்டுவிட்டது. வரம்பு தெளிவாக உள்ள சட்டமும், விழிப்பாக உள்ள அதிகாரியும் சேர்ந்தாலே பாதுகாப்புக் கிடைக்கும்.

சட்டம் தொடாத இடம்

அணுச் சமவாயத்தில் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. போர்க்காலத்தில் படைகள் செய்வதை அது கட்டுப்படுத்தாது. அரசுகள் அணு ஆயுதம் பயன்படுத்துவது சரியா தவறா என்பது பற்றியும் அது பேசாது. ஒரு தனி மனிதன் தீய எண்ணத்தோடு ஒரு பிடி சீசியத்தை வைத்திருந்தால் குற்றம். ஓர் அரசு நகரங்களையே எரிக்கும் குண்டுகளை அடுக்கி வைத்திருந்தால் இச்சமவாயம் வாய் திறப்பதில்லை.

சட்டம் மௌனமாக இருக்கும் இவ்விடத்தில் திருச்சபை மௌனமாக இருக்கவில்லை. நகரங்களை மக்களோடு கண்மூடித்தனமாக அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் கண்டித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பர் 24 ஆம் நாள் ஹிரோஷிமாவில் நின்று, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்றி வைத்திருப்பதும் ஒழுக்கக்கேடு என்று கூறினார். ஏழையின் கையைக் கட்டும் சட்டம் வல்லவனின் கையையும் ஒருநாள் கட்ட வேண்டும் என்பதே நமது வேண்டுதல்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. மஞ்சள் நிறத்தில், நடுப்புள்ளியைச் சுற்றி மூன்று விசிறி இதழ்கள் வரைந்த அடையாளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பழக்குங்கள். அது கதிர்வீச்சு எச்சரிக்கை. பழைய இரும்பில் அந்த அடையாளம் உள்ள பெட்டியோ, அளவுக்கு மிஞ்சிக் கனக்கும் ஈயப் பாத்திரமோ கண்டால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விலகி நின்று 119 இலக்கத்தில் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

2. குண்டு, விஷம், கப்பல் மூழ்கியது என்று கைபேசியில் வரும் செய்தியை உறுதி செய்யாமல் மற்றவருக்கு அனுப்பாதீர்கள்.

3. வீட்டாரில் ஒருவர் கைது செய்யப்பட்டால் எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் காரணத்துக்காக, எங்கே கொண்டுபோகிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைதுக்கான காரணத்தை அறிவது அரசியலமைப்பு தந்த உரிமை. தாமதியாமல் ஒரு சட்டத்தரணியையும், மனித உரிமைகள் ஆணைக்குழுவையும் நாடுங்கள்.

அன்பியத்தில் கலந்துரையாட

1. கொயானியாவில் அந்தத் தூளைப் பங்கிட்டவர்கள் குற்றவாளிகளா? கருவியைக் கைவிட்டுப் போனவர்களின் பொறுப்பு என்ன?

2. அக்கீலே லாரோவுக்குக் கிடைத்த நீதி குமுதினிக்குக் கிடைக்காததற்குக் காரணம் யாது?

3. நம்மைக் காக்கும் சட்டம் வேண்டும். நம்மை வதைக்கும் சட்டம் வேண்டாம். ஒரு சட்டத்தைப் படிக்கும்போது இரண்டில் அது எதுவென்று எந்த அடையாளங்களால் அறிவீர்கள்?